நிறுத்தும் என்று மட்டும் எழுதியிருந்தேன்

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காலை ஆறரை மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார். "ஏம்மா, குடோன்ல ஒரு டேப்லெட்டும் வேலை செய்ய மாட்டேங்கு. லாரி வந்து நிக்கு, பயலுவ சும்மா உக்காந்திருக்கானுவ. சரக்கை எறக்கவா, வேண்டாமா?"

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலி சந்திப்பில் மொத்தப் பலசரக்குக் கடை. குடோன் ஊருக்கு வெளியே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை தாண்டி வந்து சந்திப்பு பஸ் ஸ்டாண்டை மூழ்கடித்தது. அண்ணாச்சி கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். பில் போடுகிற கம்ப்யூட்டரும் அதற்குள் இருந்த ஆறு வருஷக் கணக்கும் அதோடு போயின. தண்ணீர் வடிந்து, கடையைக் கழுவிவிட்ட அப்புறம் எங்களிடம் வந்து சொன்னார்: "கணக்கு இனி கீழ இருக்க வேண்டாம். எங்கயாவது மேட்டுல வைங்க." மேடு என்று அவர் சொன்னது கிளவுடை, அதாவது நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கிற சர்வரை. அப்படித்தான் அவருடைய கணக்கு அமேசானின் மும்பை ரீஜனுக்கு, அதாவது அவர்களுடைய மும்பை டேட்டா சென்டர்களுக்கு, போனது.

மேட்டில் பத்திரமாக இருந்த அந்தக் கணக்கு, அன்று காலை அவர் ஆட்கள் கைக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி.

பாளையங்கோட்டையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறோம். அண்ணாச்சி மாதிரி இருபது சொச்சம் வியாபாரிகளுடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இரவில் முறை வைத்து விழித்திருந்து உடம்பு கெட்டதால், ராத்திரி வேலையை ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்கிற ஏஐ மென்பொருளிடம், விட்டோம். சோதித்துப் பார்க்க மட்டும் வைத்திருக்கிற டெஸ்ட் சர்வர்களை இரவு 11 மணிக்கு நிறுத்திவிட்டுக் காலை 6 மணிக்குத் திரும்ப ஓட்ட வேண்டும். ஓடாத நேரத்துக்குச் சர்வர் வாடகை மிச்சம். பேக்கப் எடுத்திருக்கிறதா, எந்த டிஸ்க்காவது நிறையப் போகிறதா என்று பார்த்துக் குரூப்பில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஏஜென்ட்டுக்குத் தானாகக் கை கிடையாது. நாம் கொடுக்கிற டூல்கள்தான், அதாவது அது கூப்பிடக்கூடிய சின்னச் சின்ன ப்ரோகிராம்கள்தான், அதன் கை. 2024 நவம்பரில் ஏஐ கம்பெனியான ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால் வழியாகத்தான் நாங்கள் டூல்களைக் கொடுக்கிறோம். எம்சிபி என்று சுருக்கிச் சொல்வார்கள். எந்த வழியில் கொடுத்தாலும் மாடலின், அதாவது ஏஜென்ட்டுக்குள் இருந்து யோசிக்கிற ஏஐயின், கண்ணுக்குத் தெரிவது முக்கியமாக மூன்றுதான்: டூலின் பெயர், அதைப் பற்றி நாம் எழுதிய டிஸ்கிரிப்ஷன், அதற்கு என்னென்ன உள்ளே கொடுக்க வேண்டும் என்கிற பட்டியல். டூலுக்குள் நாம் எழுதியிருக்கிற கோட் அதற்குத் தெரியாது. நாங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற கன்சோல் திரையில் மஞ்சள் நிறத்தில் வருகிற எச்சரிக்கை தெரியாது. "அந்தச் சர்வர் பக்கம் போகாதே" என்று டீக்கடையில் நாங்கள் பேசிக்கொண்டது தெரியாது. நாம் எழுதிக் கொடுத்த அந்த நாலு வரியை நம்பித்தான் அது கையை நீட்டுகிறது.

சர்வரை நிறுத்துகிற டூலுக்கு நான் எழுதியிருந்த டிஸ்கிரிப்ஷன்: "இன்ஸ்டன்ஸை நிறுத்தும்." ஆங்கிலத்தில் மூன்று சொல். இன்ஸ்டன்ஸ் என்றால் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர். எழுதும்போது அது போதும் என்றுதான் நினைத்தேன். டூலின் பெயரே ஸ்டாப் இன்ஸ்டன்ஸ். இதற்கு மேல் என்ன விளக்க?

நடந்தது இதுதான். அண்ணாச்சி கடை மென்பொருளை முதலில் ஒரு டெஸ்ட் சர்வரில் போட்டுக் காட்டினோம். பிடித்துப்போய்விட்டது. கடைக்கு வேறு சர்வர் கொடுத்துவிட்டோம். ஆனால் குடோன் ஆட்கள், பழகின சர்வர் என்று டெஸ்ட்டையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டேப்லெட்டில் அந்தச் சர்வரின் ஐபி எண்ணையே, அதாவது நெட்டில் அதன் முகவரி எண்ணையே, நேராகத் தட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சர்வருக்கு எலாஸ்டிக் ஐபி, அதாவது மாறாமல் நம்மிடமே இருக்கிற எண், கிடையாது. எலாஸ்டிக் ஐபி இல்லாத ஈசி2 சர்வரை (அமேசானின் வாடகைச் சர்வருக்கு ஈசி2 என்று பெயர்) நிறுத்தினால் அதன் பப்ளிக் ஐபி கைவிட்டுப் போகும். திரும்ப ஓட்டும்போது வேறு ஐபி வரும். பழையதைக் கேட்டு வாங்க முடியாது. இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் இது பாலபாடம். முதல் நாள்தான் அந்தச் சர்வரை இரவுப் பட்டியலில் நான் சேர்த்தேன். ஏஜென்ட் 11 மணிக்கு நிறுத்தியது, 6 மணிக்கு ஓட்டியது, "எல்லாம் சரியாக நடந்தது" என்று குரூப்பிலும் எழுதியது. சொன்னதைச் சொன்னபடிதான் செய்திருக்கிறது.

மாடலுக்கு இந்த ஐபி விஷயம் தெரியாதா என்று கேட்கலாம். தனியாகக் கேட்டால் அழகாகப் பதில் சொல்கிறது. நான் கேட்டுப் பார்த்தேன். ஆனால் வேலை நடுவில், கையில் இருக்கிற டூல் "நிறுத்தும்" என்று மட்டும் சொன்னால், நிறுத்தியதும் வேலை முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறது. நமக்கும் அப்படித்தானே. தெரிந்த விஷயம் எல்லாம் தேவைப்படுகிற நேரத்தில் நினைப்புக்கு வந்துவிடுகிறதா?

டேப்லெட்களில் புது எண்ணைப் போட்டு, லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போது ஒன்பது மணி ஆகிவிட்டது. அண்ணாச்சி கோபப்படவில்லை. "சரி விடு, தீவாளிக்கு முந்தின நாள் வராம இப்பமே வந்துச்சே" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவிக்கு, அம்மா அப்பாவைப் பார்க்கப் போனேன். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடியன் கால்வாயில் மடைகளைத் திறந்து அடைப்பதுதான் அவருடைய வேலை. தாமிரபரணியில் இருக்கிற 8 அணைக்கட்டுகளில் ஒன்று கன்னடியன் அணைக்கட்டு. அங்கிருந்து பிரிகிற கால்வாய் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கார், பிசானம் என்கிற இரண்டு நெல் போகத்துக்கும் இந்தப் பக்கத்து வயலெல்லாம் அதை நம்பித்தான். சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அப்பாவுக்குச் சர்வர், ஐபி எல்லாம் பாதிதான் விளங்கும். ஆனால் ஒன்றைக் கேட்டார்.

"ராத்திரி வேலைக்கு ஆளைப் போட்டியே, அதுக்கு நீ என்ன எழுதிக் குடுத்த?"

"நிறுத்தும்னு எழுதிக் குடுத்தேன்ப்பா."

"நிறுத்துனா அப்புறம் என்ன ஆவும்னு எழுதலியா?"

நான் பதில் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். அக்கா கல்யாணத்துக்கு அவர் ஒரு வாரம் லீவு போட்டபோது, பதில் வேலை பார்க்க வந்தவருக்காக எழுதியது. தை மாசக் கல்யாணம், பிசானப் பயிர் வயலில் நிற்கிற நேரம். வந்தவர் வேறு கால்வாயில் வேலை பார்த்தவர். மடை திறக்கத் தெரியாதவர் இல்லை. இந்த மடைகளைத் தெரியாதவர். அதில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன் (பத்து என்றால் வயல் பரப்பு):

"3ஆம் மடை. திருகு மத்ததுக்கு நேர் எதிர், இடப்பக்கம் சுத்தினாத்தான் திறக்கும். 6 சுத்துக்கு மேல போகாதே, மரை தேஞ்சிருக்கு, அப்புறம் இறங்காது. தண்ணி கீழப் பத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். தண்ணி வரலைன்னு கீழ இருந்து சத்தம் போட்டா இன்னொரு சுத்து சுத்தாதே, பொறு. கீழப் பத்தில் அறுத்துப் போட்டிருந்தா திறக்கவே வேண்டாம், யாரு சொன்னாலும் சரி. ராத்திரி மழை பிடிச்சா முதல்ல 5ஆம் மடை, அப்புறம்தான் இது. சந்தேகம்னா மண்டபத்துக்கு ஆள் அனுப்பு."

சின்ன வயதில் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். படித்தது அன்றைக்குத்தான். மூன்று தடவை படித்தேன். இந்த மடை தண்ணீரைத் திறந்துவிடும் என்று அப்பா ஓர் இடத்திலும் எழுதவில்லை. அது வந்தவருக்குத் தெரியும். தெரியாததை மட்டும் எழுதியிருக்கிறார்: மற்றதிலிருந்து இது எப்படி வேறு, எதுவரை போகலாம், எது போனால் திரும்பாது, பலன் தெரிய எவ்வளவு நேரம் ஆகும், எப்போது தொடவே கூடாது, எதற்கு முன்னால் எது, யாரைக் கேட்க வேண்டும். நான் எழுதிய மூன்று சொல்லில் இருந்தது, அவர் எழுதாமல் விட்ட அந்த ஒன்று மட்டும்தான்.

நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, திங்கட்கிழமை அந்த டூலைத் திரும்ப எழுதினேன். டிஸ்கிரிப்ஷன்களை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். தமிழில் எழுதினால் மாடலுக்குப் புரிகிறது, ஆனால் டோக்கன், அதாவது மாடல் எழுத்தை வெட்டி எண்ணுகிற துண்டு, அதிகம் பிடிக்கிறது. ஆனால் முதலில் தமிழில் எழுதி அப்புறம்தான் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். தமிழில் வாக்கியம் தானாகவே "இப்படி இருந்தால்" என்று தொடங்கி "செய்யாதே" என்று முடிகிறது. நிபந்தனை முன்னால் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் நேராக எழுதினால் என் கை முதலில் செயலை எழுதிவிட்டு, நிபந்தனையைக் கடைசியில் ஒட்டுகிறது, இல்லையென்றால் மறந்தே போகிறது. இது என் கையின் பழக்கமாக இருக்கலாம். எனக்கு உதவுகிறது, அதனால் விடவில்லை.

இப்போது அந்த டூலில் இருப்பது இது, தமிழ் வரைவில் (ஈபிஎஸ் என்பது சர்வர் நின்றாலும் நிலைக்கிற தனி டிஸ்க், இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் என்பது தற்காலிக டிஸ்க்):

"ஓடிக்கொண்டிருக்கிற ஈசி2 சர்வர் ஒன்றை நிறுத்தும், பிறகு ஸ்டார்ட் டூலால் திரும்ப ஓட்டலாம். ஈபிஎஸ் டிஸ்க்கில் உள்ளது அப்படியே இருக்கும், அதற்கு வாடகையும் தொடர்ந்து ஓடும். இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் உள்ளது அழிந்துவிடும், மீட்க முடியாது. எலாஸ்டிக் ஐபி இல்லாவிட்டால் பப்ளிக் ஐபி போய்விடும், பழைய எண் திரும்பக் கிடைக்காது. அதனால் கூப்பிடும் முன் சர்வர் விவர டூலில் எலாஸ்டிக் ஐபி இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் நிறுத்தாமல் குரூப்பில் கேள். சர்வர் தொங்கிவிட்டது, ஒரு தடவை அணைத்து எழுப்பினால் போதும் என்றால் இதைக் கூப்பிடாதே, ரீபூட் டூலைக் கூப்பிடு. அதில் ஐபி மாறாது. இந்த டூல் கட்டளையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். சர்வர் முழுக்க நிற்கச் சில நிமிஷம் ஆகலாம். ஸ்டாப்பிங் என்று வந்தால் மறுபடி கூப்பிடாதே, ஒரு நிமிஷம் கழித்து நிலையை மட்டும் பார்."

கடைசி இரண்டு வரி அப்பாவின் "பொறு" தான். அதற்கு முன்னால், ஸ்டாப்பிங் என்ற பதிலைப் பார்த்துவிட்டு, நிற்கவில்லை போல என்று ஏஜென்ட் மூன்று நான்கு தடவை அதே டூலைக் கூப்பிட்டிருப்பதை லாகில், அதாவது அது செய்வதெல்லாம் பதிவாகிற இடத்தில், பார்த்திருக்கிறேன். நிறுத்துகிற வேலையில் அதனால் கெடுதல் இல்லை. புது சர்வர் போடுகிற டூலில் அப்படி நடந்தால்? நடந்தது. நெட்வொர்க் தடங்கலில் பதில் வரவில்லை, ஏஜென்ட் திரும்பக் கூப்பிட்டது, ஒன்று கேட்ட இடத்தில் மூன்று சர்வர்கள் நின்றன. அமேசானில் அதற்கு க்ளையன்ட் டோக்கன் என்று ஓர் அடையாளச் சீட்டு இருக்கிறது. ஒரே டோக்கனோடு திரும்பக் கேட்டால் புதிதாகப் போடாது, முதலில் போட்டதையே காட்டும். டூலுக்குள் அதைச் சேர்த்தேன். "பதில் வராவிட்டால் அதே டோக்கனோடு மட்டும் திரும்பக் கூப்பிடு" என்று டிஸ்கிரிப்ஷனிலும் எழுதினேன். டூல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. டோக்கனை மாற்றிக் கூப்பிட்டால் எல்லாம் வீண்.

ஸ்டாப், டெர்மினேட் இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "விளக்கை அணைத்துவிட்டு வா" என்பதற்கும் "கடையைக் காலி செய்துவிட்டு வா" என்பதற்கும் உள்ள தூரம் அது. டெர்மினேட் செய்தால் சர்வர் போனது போனதுதான். சர்வர் போடும்போது மாற்றி வைக்காவிட்டால், வழக்கமாக ரூட் டிஸ்க்கும், அதாவது சர்வரின் முதல் டிஸ்க்கும், அதோடு அழியும். இது ஊரறிந்த விஷயம். ஆனால் எங்களிடம் இருந்த ஒரு டூலின் பெயர் "க்ளீன் அப் சர்வர்". அது உள்ளே டெர்மினேட் செய்தது! முன்பு எங்களில் ஒருவர் வசதிக்காகப் போட்ட பெயர். வாடிக்கையாளர் ஒருவர் "சர்வரைக் கொஞ்சம் க்ளீன் பண்ணுங்க" என்றால் டெம்ப் ஃபைலை அழிக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். அதை ஏஜென்ட் எந்த டூலோடு சேர்த்துப் பார்க்கும் என்று யோசித்ததும் வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே பெயரை மாற்றினோம். "சர்வரை நிரந்தரமாக அழி" என்பதுதான் இப்போது அதன் பெயர். அழிக்கிற வேலைக்கு அழி என்றுதான் பெயர் இருக்க வேண்டும். இதில் நாசூக்கு பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு அர்த்தம் தருவதும் உண்டு. எங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷ்யூரில் இரண்டு வாடிக்கையாளர்கள். அங்கே சர்வரை உள்ளிருந்தே ஷட்டவுன் செய்தால் அது ஸ்டாப்ட் என்று காட்டும், ஆனால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். டீஅலோகேட் செய்தால்தான், அதாவது பிடித்து வைத்த இடத்தையே விட்டுக்கொடுத்தால்தான், சர்வருக்கான வாடகை நிற்கும். அமேசானின் வாடகை டேட்டாபேஸான ஆர்டிஎஸ் இன்னொரு மாதிரி: நிறுத்தி வைத்தாலும் 7 நாளில் தானாகவே எழுந்து ஓட ஆரம்பிக்கும். மாசக்கணக்கில் நிறுத்திவைக்கலாம் என்று நினைத்தவர்களுக்குப் பில் வந்த அப்புறம்தான் தெரியும். ஆகவே ஆர்டிஎஸ் டூலில் முதல் வரியே "7 நாளுக்கு மேல் நிற்காது" என்று வைத்திருக்கிறேன்.

பட்டியல் எடுக்கிற டூல்தான் எல்லாவற்றிலும் சாது, அதற்கு என்ன எழுத என்று நினைத்திருந்தேன். அங்கேதான் பெரிய ஓட்டை இருந்தது. எங்கள் டூல் ஒரு தடவைக்கு 50 சர்வர்தான் காட்டும். மீதி இருந்தால் கடைசியில், அதைக் கேட்டு வாங்க ஒரு நெக்ஸ்ட் டோக்கன் வரும். டிஸ்கிரிப்ஷனில் இருந்தது "சர்வர்களைப் பட்டியலிடும்". எங்களிடம் 50க்கு மேல் சேர்ந்த மாசத்திலிருந்து ஏஜென்ட் முதல் 50ஐ மட்டும் பார்த்துவிட்டு "எல்லாச் சர்வருக்கும் பேக்கப் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. அது பார்த்ததில் எல்லாவற்றுக்கும் பேக்கப் இருந்தது. எத்தனை நாள் அப்படி ஓடியது என்று லாகில் எண்ணிப் பார்த்தபோது தூக்கம் போய்விட்டது. நல்ல வேளையாக அந்த நாட்களில் எந்த டிஸ்க்கும் போகவில்லை. இப்போது டிஸ்கிரிப்ஷனில் மட்டும் இல்லாமல், டூல் தருகிற பதிலிலேயே முதல் வரியாக "இது முழுப் பட்டியல் இல்லை, இன்னும் இருக்கிறது" என்று வருகிறது. டூல் திருப்பித் தருகிற ஒவ்வொரு வரியையும் ஏஜென்ட் படிக்கிறது. எர்ரர் மெசேஜும் அப்படித்தான். முன்பு "தவறான உள்ளீடு" என்று மட்டும் வரும். சர்வர் பெயரைக் கொடுத்துவிட்டு ஏஜென்ட் திண்டாடும். இப்போது "பெயர் வேண்டாம், இன்ஸ்டன்ஸ் ஐடி வேண்டும், பெயரிலிருந்து ஐடி எடுக்கப் பட்டியல் டூலைக் கூப்பிடு" என்று வருகிறது. அடுத்த கூப்பிடலிலேயே சரியாகிவிடுகிறது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பேக்கப் எடுக்கிற டூலில் "நேரம்" என்று மட்டும் ஒரு கட்டம் இருந்தது. ராத்திரி 2 மணிக்கு எடுக்கச் சொன்னேன், ஏஜென்ட்டும் 2 என்று கொடுத்தது, டூல் அதை யுடிசியாக, அதாவது உலகப் பொது நேரமாக, எடுத்துக்கொண்டது. நமக்கும் யுடிசிக்கும் ஐந்தரை மணி நேரம். ஒரு பால் வியாபாரியின் பேக்கப் காலை ஏழரைக்கு, கணக்கு எழுதுகிற நேரத்தில் ஓடி எல்லாவற்றையும் மெதுவாக்கியது. கட்டத்தின் பெயரை "நேரம், இந்திய நேரப்படி" என்று மாற்றி, யுடிசிக்கு மாற்றுகிற வேலையை டூலுக்குள் வைத்துவிட்டேன். ரீஜனும் அப்படித்தான். வாடிக்கையாளர் "நம்ம தென்னிந்திய சர்வர்" என்றால் எது? அமேசானுக்கு மும்பையிலும் ரீஜன் இருக்கிறது, 2022லிருந்து ஹைதராபாத்திலும் இருக்கிறது. எழுதி விளக்குவதைவிட, கொடுக்கக்கூடிய மதிப்புகளையே பட்டியலாகப் பூட்டி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இவ்வளவும் எழுதப் போய் நான் இன்னொரு பள்ளத்திலும் விழுந்தேன். ஒவ்வொரு டிஸ்கிரிப்ஷனும் ஒரு பக்கம் ஆகிவிட்டது. எங்களிடம் அப்போது 41 டூல். ஏஜென்ட் வேலை தொடங்கும்போதெல்லாம் அத்தனையும் அதன் முன்னால் போய் நிற்கும். டோக்கன் செலவைவிடப் பெரிய தொல்லை, ஒன்றுக்கொன்று ஒத்தது மாதிரி மூன்று பட்டியல் டூல்கள் இருந்ததால் எதை எடுப்பது என்று அது தடுமாறியது. மூன்றையும் ஒன்றாக்கினோம். யாரும் கூப்பிடாததைத் தூக்கினோம். இப்போது 16 இருக்கின்றன. எழுதியதையும் வெட்டினேன். வெட்டும்போது அப்பாவின் பக்கத்தைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு சொல்லை எடுத்தாலும் ஒரு வயல் நனையும், இல்லையென்றால் காயும். என்னுடையதில் எடுத்தாலும் ஒன்றும் ஆகாத சொற்கள் நிறைய இருந்தன.

சரி பார்க்கிற வழி ஒன்றை எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி கண்டுபிடித்தான். கல்லூரி முடித்துவிட்டு வந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. "அக்கா, என்னை ஏஜென்ட்டா நெனச்சுக்கோங்க" என்றான். அவனுக்குக் கன்சோல் கிடையாது, லாகின் கிடையாது. டிஸ்கிரிப்ஷன்களை மட்டும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். "குடோன் சர்வர் தொங்குது, சரி பண்ணு" என்பேன். எந்த டூல், என்ன கொடுப்பான், அப்புறம் எதைப் பார்ப்பான் என்று சொல்ல வேண்டும். அவன் தயங்கிய இடத்திலெல்லாம் எழுத்தில் ஓட்டை இருந்தது. ஒரு தடவை, "இதைச் செஞ்சா திரும்பச் சரி பண்ண முடியுமாக்கா?" என்று கேட்டான். அந்த டூலில் அது எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து மாற்றம் செய்கிற ஒவ்வொரு டூலிலும் "திரும்பப் பெற முடியும்" அல்லது "முடியாது" என்று ஒரு வரி கட்டாயம். அப்புறம் அதே கேள்விகளை, வாடிக்கையாளர் யாரும் இல்லாத தனி டெஸ்ட் அக்கவுண்ட்டில் ஏஜென்ட்டிடமும் கொடுத்துப் பார்க்கிறோம். டிஸ்கிரிப்ஷனில் ஒரு சொல் மாறினாலும் எல்லாக் கேள்வியையும் திரும்ப ஓட்டுகிறோம். ஒரு டூலைத் திருத்தினால் அதன் பக்கத்து டூலை ஏஜென்ட் எடுக்கிற விதமும் மாறுவதைக் கண்ணால் பார்த்த அப்புறம் இதில் சோம்பல் படுவதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்கிரிப்ஷன் பூட்டு இல்லை. "ப்ராடக்ஷனைத் தொடாதே" என்று, அதாவது வாடிக்கையாளர் நிஜமாகப் பயன்படுத்துகிற சர்வரைத் தொடாதே என்று, எவ்வளவு அழகாக எழுதினாலும், தொடுகிற உரிமை ஏஜென்ட்டின் கையில் இருந்தால் ஒரு நாள் தொடும். அதனால் ஏஜென்ட்டின் ஐஏஎம் ரோலில், அதாவது அமேசானில் அதற்கு உள்ள உரிமைப் பட்டியலில், டெர்மினேட் உரிமையே இப்போது இல்லை. முக்கியமான சர்வர்களுக்கு டெர்மினேஷன் ப்ரொடெக்ஷன் போட்டிருக்கிறோம். ஈசி2வில் ட்ரை ரன் என்று ஒரு வசதி உண்டு. உண்மையில் செய்யாமல், உரிமை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ரோலைச் சரி பார்க்க அதைத்தான் பயன்படுத்தினேன். எம்சிபியில் இந்த டூல் படிக்க மட்டும், இது அழிக்கக்கூடியது என்று குறிப்பு வைக்கிற வசதியும் இருக்கிறது. ரீட் ஒன்லி ஹின்ட், டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட் என்று அவற்றுக்குப் பெயர். பெயரிலேயே ஹின்ட் என்று இருக்கிறது, அதை ஹின்ட்டாக மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியாள் எழுதிய டூல் சர்வரை எடுத்துப் போடும்போது அதன் டிஸ்கிரிப்ஷனை வரி வரியாகப் படிக்காமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஏஜென்ட் அதை நம்பித்தான் நடக்கும். அதற்குள் எவனாவது வேண்டாத கட்டளையை ஒளித்து வைத்திருந்தால் அதையும் நம்பும். அப்பாவும் நோட்டில் எழுதியதோடு விடவில்லை. இன்னொரு மடையின் திருகுக் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டு, வேண்டுமென்றால் வந்து கேட்டு வாங்கச் சொல்லியிருந்தாராம். அம்மா சொன்னாள்.

போன வாரம் அண்ணாச்சி இரண்டாவது குடோன் எடுத்தார். அதற்கான டெஸ்ட் சர்வரை தம்பி அவசரத்தில் எலாஸ்டிக் ஐபி இல்லாமல் போட்டுவிட்டான். இரவு 11 மணி 2 நிமிஷத்துக்கு ஏஜென்ட் குரூப்பில் எழுதியது: "இந்தச் சர்வரை நிறுத்தவில்லை. எலாஸ்டிக் ஐபி இல்லை. நிறுத்தினால் ஐபி மாறிவிடும். யாராவது இந்த ஐபியை நேராகப் பயன்படுத்துகிறார்களா?" படுக்கையிலிருந்து எழுந்து அண்ணாச்சி குடோன் மேனேஜருக்குப் போன் போட்டேன். பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குக் கையில் இருப்பது செக்யூரிட்டி க்ரூப் டூல். சர்வரின் எந்தப் போர்ட்டை, அதாவது எந்த வாசலை, யாருக்குத் திறப்பது என்கிற வேலை. 0.0.0.0/0 என்று கொடுத்தால் உலகம் முழுக்கத் திறந்துவிடும். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படுகிற எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட்டை அப்படித் திறந்து வைத்தால், கதவைத் தட்டிப் பார்க்க ஆள் வர நேரம் ஆகாது. வெப்சைட்டுக்கு 443ஐ அப்படித்தான் திறந்தாக வேண்டும். ஒரே மதிப்பு, ஒரு போர்ட்டில் சரி, இன்னொன்றில் ஆபத்து. மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். நேற்று போனில் அப்பாவிடம் சொன்னபோது, "எந்த மடைன்னு முதல்ல கேளு, எவ்வளவு திறக்கணும்னு அப்புறம் கேளு" என்றார். இப்போதைக்கு முதல் வரி மட்டும் நிற்கிறது: "போர்ட் எண் தெரியாமல் இந்த டூலைக் கூப்பிடாதே."